இடது பக்கம் திரும்பும்போது

வண்டி எவ்வளவு பெரியதோ, அதன் சொந்தக்காரருக்கு வரும் குறை அவ்வளவு சின்னதாக இருக்கும். அந்தக் கார் பட்டறையில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஓட்டை வண்டிக்காரன் பிரேக் பிடிக்காவிட்டால்தான் மெக்கானிக்கைத் தேடுவான். இங்கே வருகிறவர்கள் ஒரு வீட்டின் விலையைக் கொடுத்து வண்டி வாங்கியவர்கள். முன்பெல்லாம் கதவு 'தப்' என்று மூடும், இப்போது 'தொப்' என்று மூடுகிறது என்பார் ஒருவர். சீட்டில் உட்கார்ந்தால் அது பெருமூச்சு விடுகிறது, கூட வருகிறவர்கள் முன்னால் சங்கடமாக இருக்கிறது என்பார் இன்னொருவர். புது வண்டி வாசனை அதற்குள் போய்விட்டதே, கியாரண்டியில் மறுபடி போட்டுத் தருவீர்களா என்று ஓர் அம்மாள் கேட்டாள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

இந்த முறையீடுகளையெல்லாம் முதலில் வாங்கிக்கொள்ளும் மேசை வாசல் பக்கம் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவனைப் பட்டறையில் எல்லோரும் 'சமாதானம்' என்று கூப்பிட்டார்கள். அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளக் கவரில் மட்டும்தான் இருந்தது. எரிகிற வீட்டுக்குள் போய் 'வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லக்கூடிய ஆள். ஆனால் ஏமாற்றுக்காரன் இல்லை. கோபத்தோடு வருகிறவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் சொல்வதைக் கடைசிவரை கேட்பான். முக்கால்வாசிக் கோபம் அதிலேயே இறங்கிவிடும். மிச்சத்தை மெக்கானிக்குகள் பார்த்துக்கொள்வார்கள். அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவன் மச்சான். மனைவியின் கூடப் பிறந்த அண்ணன். அதே பட்டறையில் பின்பக்க ஷெட்டில் டிங்கர் வேலை. நசுங்கிய தகட்டை நிமிர்த்துகிறவர். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர் என்பதால் தங்கை வீட்டிலேயே ஓர் அறையில் இருந்துகொண்டு, அங்கேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மழை பிடித்துக்கொண்ட மாதத்தில்தான் மில்காரர் வந்தார். மாவு மில்கள் வைத்திருந்தவர். எல்லாவற்றையும் விற்றுவிட்டு, ஆசைக்கு ஒன்று என்று அந்த வண்டியை வாங்கினார். மில் நடத்திய காலத்தில் அறைக்குள் உட்கார்ந்தபடியே எந்த பெல்ட் தளர்ந்திருக்கிறது, எந்த பேரிங் எண்ணெய் இல்லாமல் காய்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவாராம். அவர் குறை சொல்ல வருவதற்குச் சற்று முன்னால்தான் ஒரு தண்ணீர் லாரி பின்னால் வந்து அவர் வண்டியின் இடது பின்புறத்தை நசுக்கியிருந்தது. மச்சான்தான் அந்தப் பக்கத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். பெயின்ட் அடித்து வெளியே வந்தபோது எது பழசு, எது புதுசு என்று செய்தவருக்கே தெரியவில்லை.

"தம்பி, வேலை சுத்தம். அதுல குறை சொல்ல மாட்டேன்" என்றார் மில்காரர். "ஆனா இடது பக்கம் திரும்பும்போது பின்னாடி யாரோ கதவத் தட்டுற மாதிரி இருக்கு. ஒரே ஒரு தட்டு. டொக். அவ்வளவுதான்."

"எல்லாத் திருப்பத்துலயுமா ஐயா?"

"இல்ல. சில நேரம் தட்டுது, சில நேரம் சும்மா இருக்கு. அதான் எனக்கும் புரியல."

சமாதானம் அவரோடு வண்டியில் ஏறிப் போனான். அன்றைக்கு மழை விட்டு வெயில் அடித்தது. முதல் இடது திருப்பத்திலேயே அவனுக்குக் கேட்டது. டொக். இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம். நல்ல மனிதர், சரியாகத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டான். "பாத்துச் சொல்றேன் ஐயா" என்று சொல்லிவிட்டு நேராகப் பின்பக்க ஷெட்டுக்குப் போனான்.

மச்சான் ஒரு கதவைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் சுண்டிப் போயிற்று. எழுந்து போய்ச் சுவரில் சாமான்கள் மாட்டியிருந்த பலகையின் முன்னால் நின்றார்.

"மாப்ளே, என் டாலியக் காணோம்னு போன மாசம் ஷெட்டு பூரா திட்டிக்கிட்டுத் திரிஞ்சேனே, ஞாபகம் இருக்கா?"

டாலி என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற இரும்புக் கட்டை. தகட்டுக்குப் பின்னால் இதை முட்டுக் கொடுத்துக்கொண்டு, முன்னால் சுத்தியலால் தட்டுவார்கள். டிங்கர் வேலைக்காரனுக்கு அது இன்னொரு கை.

"ஆமா. எவனோ எடுத்துட்டான்னு சொன்னீங்க."

"எவனும் எடுக்கல. அது உள்ள இருக்கு. முட்டுக் குடுத்துட்டு அப்படியே வச்சிருக்கேன். மேல தகட்ட வச்சு பத்தவச்சுட்டேன்." மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "துரு பிடிக்காம இருக்க உள்ள மெழுகு அடிச்சோம்ல. வெயில்ல மெழுகு இளகினா கட்ட வழுக்கிப் போயி முட்டும். குளிருல ஒட்டிக்கிட்டு ஊமையா கெடக்கும்."

"எடுத்துரலாம்ல?"

"எங்க எடுக்கறது? புதுத் தகட்ட மறுபடி வெட்டணும். ஒட்டணும், பெயின்ட் அடிக்கணும். வண்டி இங்க நாள்கணக்கா நிக்கும். ஏன் நிக்குதுன்னு மேனேஜர் கேப்பான்."

மேனேஜர் கேட்டால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் ஷெட்டில் ஒருவன் பற்றவைக்கும்போது பொறி பறந்து ஒரு வண்டியின் தோல் சீட்டு பொத்தலாகிவிட்டது. அன்றைக்கு மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்து, இன்னொரு தப்பு நடந்தால் டிங்கர் ஷெட்டை இழுத்துப் பூட்டிவிட்டு வேலையை வெளியே கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். மச்சான் வயதில் இன்னொரு பட்டறையில் போய் நின்றால் தேநீர் வாங்கி வரக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

"உசுருக்கு ஆபத்து உண்டா மச்சான்?"

"சேச்சே. நாலு பக்கமும் அடைச்ச பெட்டி. அது எங்கயும் போகாது. சத்தம் மட்டும்தான்."

சத்தம் மட்டும்தானே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டான். அடுத்த சர்வீஸுக்கு வண்டி வரும்போது எதையாவது சாக்கு வைத்து இரண்டு நாள் நிறுத்தி, யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று முடிவு பண்ணினார்கள். அதுவரை மில்காரரைச் சமாளிக்க வேண்டியது சமாதானத்தின் பொறுப்பு. அதற்குத்தான் அவனுக்கு அந்தப் பெயரே.

மில்காரர் மறுபடி வந்தார். பிறகும் வந்தார். ஒவ்வொரு தடவையும் சமாதானமே ஓட்டினான். ஏறியதும் ஏசி காற்றைக் கூட்டி வைப்பான். இடது திருப்பம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பேச்சைத் தொடங்குவான்.

"ஐயா, மில்லுல மொத மொதல்ல எந்த மெஷின் போட்டீங்க?"

கிழவருக்கு மில்லைப் பற்றிக் கேட்டால் போதும். உற்சாகமாக ஆரம்பிப்பார். வண்டி திரும்பும். டொக்.

"இந்தா! கேட்டுதா?"

"எது ஐயா?"

"இப்ப... இப்ப தட்டுச்சே தம்பி."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே ஐயா. நீங்க சொல்லுங்க, அந்த மெஷின் எங்கேருந்து வந்தது?"

அவர் பாதியில் விட்ட கதையை மறுபடி எடுப்பார். ஆனால் குரலில் பழைய தெம்பு இருக்காது. ஒரு தடவை மகளையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பார்த்து விடாத மழை. ஊரையே சுற்றினார்கள். கட்டை வாயைத் திறக்கவே இல்லை. பின் சீட்டில் இருந்த மகள் அப்பாவின் பின்தலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது மில்காரர் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். சமாதானம் அந்தச் சிரிப்பைப் பார்த்தான். இந்தப் பாவம் சும்மா விடாது என்று தோன்றியது. தோன்றியதே தவிர, வாய் வரவில்லை.

அதன் பிறகு மில்காரர் வரவில்லை. மகள் தனியாக வந்தாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. குடையை மடக்கி மேசைக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, உட்காராமலே பேசினாள்.

"அப்பா உங்களத்தான் நம்புறார். அந்தத் தம்பி தங்கமான பையன், ஒரு நாளும் முகம் சுளிச்சதில்லன்னு சொல்லிக்கிட்டே இருப்பார். அதான் உங்ககிட்டயே கேட்டுடலாம்னு வந்தேன்."

"சொல்லுங்கம்மா."

"அப்பாவ காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. காது சின்னப் பையன் காது மாதிரி இருக்காம்."

"நல்லதுதானேம்மா."

"என்ன நல்லது? காதுல கோளாறுன்னா மெஷின் வச்சுக்கலாம். காது நல்லாயிருந்து இல்லாத சத்தம் கேக்குதுன்னா?" அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல இல்லாத சத்தம். அப்புறம் அடுப்ப அணைக்க மறந்தாங்க. அப்புறம் என்னையே யாருன்னு கேட்டாங்க. கூடவே இருந்து பாத்துக்கிட்டது அப்பாதான். அதனால அவருக்கு அந்தப் பாதை தெரியும். இப்ப ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். எனக்கும் அதுதானாம்மான்னு கேக்குறார்."

சமாதானம் மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினான்.

"மறைக்காம ஒரு வார்த்த சொல்லுங்க. அந்த வண்டியில சத்தம் இருக்கா, இல்லையா?"

அதுவரை அவன் 'எனக்குக் கேக்கலையே' என்றுதான் சொல்லி வந்தான். அது பாதிப் பொய் என்று தன்னையே தேற்றி வைத்திருந்தான். இப்போது பாதி போதாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஷெட் வாசலில் மச்சான் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தகட்டைத் தேய்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"இல்லம்மா" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். "சரி. மாத்திரை ஆரம்பிச்சுடறேன். வண்டியையும் குடுத்துடலாம். சாவியப் பிடுங்கி வச்சாச்சு. அது கண்ணுல படாம இருந்தாலே கொஞ்சம் நிம்மதியா இருப்பார்" என்று சொல்லி நன்றியும் சொல்லிவிட்டுப் போனாள். நன்றிதான் அவனைக் கொன்றது.

அன்று சாயங்காலம் சோறு, பொரித்த மீன். மனைவி தட்டைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். அவன் தட்டின் முன்னால் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருந்தான். எதிரே மச்சானும் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் என்ன கேடு? மீன் நாறுதா?"

"இல்ல."

"அப்ப என்ன? கொஞ்ச நாளா நானும் பாக்குறேன். மாப்ளையும் மச்சானும் துக்க வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி வாறீங்க. என்கிட்ட சொல்லக் கூடாத விஷயமா?"

சமாதானம் சொல்லிவிட்டான். தொடங்கியது முதல் மகள் நன்றி சொன்னது வரை. சொல்லி முடிக்கும்வரை அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"ஒரு இரும்புத் துண்டுக்காக ஒரு மனுஷனப் பைத்தியம் ஆக்கிட்டீங்களா?"

"நான் என்ன வேணும்னா பண்ணேன்? உங்கண்ணன் வேலை போயிடும்னுதானே..."

"எங்கண்ணன் பேரச் சொல்லாதீங்க. அண்ணன் மறந்து வச்சது தப்பு. ஞாபகமா மறைச்சது யாரு?"

"ரெண்டு பேரும்தான்" என்றார் மச்சான். "அவன மட்டும் திட்டாத பாப்பா."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு அவளே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வேலை போயிட்டா என்ன பண்ணுவே அண்ணா?"

"தெரியல."

"வயசானவருதானே. எப்படியும் மாத்திரை சாப்பிடுற வயசுதான். அதுல கூட ஒண்ணு..." சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, என் வாயில என்ன வார்த்த வருது பாரு. என்னையும் உங்களோட சேத்துட்டீங்களே."

மச்சான் தட்டிலேயே கையைக் கழுவினார்.

"காலையில மேனேஜர்கிட்ட நானே சொல்லிடறேன். மாப்ளே, நீ அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போக வேணாம். வண்டிய வரவழைச்சு அவங்க கண்ணு முன்னாடி வெட்டி எடுத்துக் காட்டிட்டு அப்புறம் நான் போயிடறேன். வாயால சொன்னா எவன் நம்புவான்? கட்டைய எடுத்துக் கையில குடுத்தாத்தான் அந்த மனுஷனுக்கு நிம்மதி."

"சாப்பிட்டுட்டாவது கழுவியிருக்கலாம்ல" என்றாள் தங்கை. ஆனால் போகாதே என்று சொல்லவில்லை.

காலையில் மச்சான் வேலை உடுப்பு போடாமல், வெள்ளைச் சட்டையோடு மேனேஜர் அறைக்குள் போனார். சமாதானம் கூடவே போனான். திட்டு வாங்கவும், ஷெட் சாவியை ஒப்படைக்கவும் தயாராக வந்தவர்களுக்குத் திட்டு விழவில்லை. மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"இதை வேற யாருக்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"நல்லது. சொல்லாதீங்க. அந்த வண்டிய அந்தப் பொண்ணு நேத்து என்கிட்ட சொல்லியே குடுத்துடுச்சு. பழைய வண்டி வியாபாரி நேத்தே தூக்கிட்டுப் போயிட்டான். அவன் அத எந்த ஊருக்கு அனுப்புவான், யார் தலையில கட்டுவான்னு அவனுக்கே தெரியாது. முடிஞ்சு போச்சு."

"சார், அந்தப் பெரியவர்..."

"பெரியவருக்கு என்ன? வண்டி இல்ல, சத்தமும் இல்ல. போய் வேலையப் பாருங்க. சட்டைய மாத்துங்க, அழுக்காயிடப் போகுது."

வெளியே வந்து இருவரும் ஷெட் வாசலில் நின்றார்கள். வேலை போகவில்லை. அதற்காகச் சந்தோஷப்பட முடியவில்லை. தண்டனை கிடைத்திருந்தால் தலையை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்திருக்கலாம் என்று மச்சானுக்குத் தோன்றியது. வியாபாரியைத் தேடிப் போனார்கள். வண்டியை ஏற்றிய லாரி கிளம்பிவிட்டது என்று மட்டும் அவன் சொன்னான். மேற்கொண்டு கேட்டதற்கு, வாங்கவா வந்தீர்கள், வம்புக்கா வந்தீர்கள் என்றான்.

"வாயால சொல்றதத் தவிர வேற வழியில்ல மச்சான்."

"நம்புவாரா?"

"என்னை நம்புவாரு. தங்கமான பையன்னு சொல்லியிருக்காரே" என்றான் சமாதானம். அப்படிச் சொன்னபோது அவனுக்கே கூசியது.

மதியம் போல மில்காரர் வீட்டுக்குப் போனார்கள். மச்சான் அதே அளவில் வேறு ஒரு டாலியைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்திருந்தார். மகள்தான் கதவைத் திறந்தாள். மில்காரர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாத்திரையின் மந்தம் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் சமாதானத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க தம்பி. வண்டிதான் போயிடுச்சே, அப்புறமும் தேடி வந்திருக்கீங்களே."

சமாதானம் உட்காரவில்லை.

"ஐயா, சத்தம் இருந்தது. உங்களுக்குக் கேட்டது நிஜம். எனக்கும் கேட்டுது. மொத நாளே கேட்டுது. இவர் என் மச்சான். இவர் வேலை செய்யறப்போ ஒரு இரும்புக் கட்டைய உள்ளயே மறந்து வச்சுட்டாரு. இவர் வேலை போயிடும்னு பயந்து நான் பொய் சொன்னேன். திருப்பத்துல எல்லாம் பேச்சுக் குடுத்து உங்கள ஏமாத்தினேன். எங்கள மன்னிச்சுடுங்க."

மச்சான் காகிதத்தைப் பிரித்து நீட்டினார். "இதே மாதிரி ஒண்ணுதாங்க. இது வேற. அது வண்டியோட போயிடுச்சு."

மில்காரர் கட்டையை வாங்கிக் கையில் ஏந்தி எடை பார்த்தார். விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே கொண்டு போனார். ஒரு கணம் அவர் கண்ணில் பழைய மில்காரர் வந்து எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. சமாதானம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வாசல்படியில் நின்றிருந்த மகள்தான் முதலில் பேசினாள்.

"அன்னைக்கு நான் கேட்டப்ப இல்லன்னு சொன்னீங்களே. இன்னைக்கு இருக்குங்கறீங்க. எதுங்க பொய்?"

"அன்னைக்குச் சொன்னதும்மா."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பார்த்துவிட்டு அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். "பாவி, பாவி... உங்க பேச்சக் கேட்டு அவருக்கு மாத்திரையக் குடுத்துட்டேனே." ஓடி வந்து அப்பாவின் முன்னால் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நிஜம்பா. சத்தம் இருந்திருக்குப்பா. உங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா."

மில்காரர் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு சிரித்தார். கட்டையைத் திரும்ப மச்சானின் கையில் வைத்தார்.

"நீயும் சேந்துட்டியாம்மா?" என்று மகளின் தலையைத் தடவினார். "எல்லாரும் நல்ல பிள்ளைங்க."

"ஐயா, சத்தியமா..."

"சத்தியமெல்லாம் பண்ணாதீங்க தம்பி. எனக்குத் தெரியாதா? உங்கம்மா," என்று மகளைப் பார்த்துச் சொன்னார், "மத்தியான நேரத்துல திடீர்னு எழுந்து உக்காந்து, யாரோ கதவத் தட்டுறாங்கன்னு அழுவா. மொதல்ல நான் யாரும் இல்லன்னு சொல்லிப் பாத்தேன். இல்லன்னு சொன்னா இன்னும் அழுவா. அப்புறம் என்ன பண்ணேன் தெரியுமா? எழுந்து போய்க் கதவத் திறந்துட்டு, வெறும் வாசலப் பாத்து ரெண்டு வார்த்த சத்தமா பேசிட்டு வருவேன். தபால்காரன்டி, பக்கத்து வீட்டுக் கடுதாசிய மாத்திக் கொண்டு வந்துட்டானாம், சொல்லி அனுப்பிட்டேன்னு சொல்லுவேன். உடனே முகம் தெளிஞ்சிடும். நான் சொன்னேனே, எனக்குக் கேட்டுதுன்னு சொன்னேனேன்னு சிரிப்பா. அப்படியே தூங்கிடுவா."

அவர் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"எனக்கும் தபால்காரன் வந்தாச்சு. இப்ப நிம்மதியா இருக்கு தம்பி. போயிட்டு வாங்க. நான் கொஞ்சம் தூங்குறேன்" என்று கண்ணை மூடினார்.